பேகனின் போர்வையும் பேரனின் ஓணானும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, பழந்தமிழரின் இயற்கை அறிவைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். குறிப்புகள்கூட எடுத்து வைத்தாயிற்று. அதற்குள் கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேரன் வந்து இறங்கினான். பன்னிரண்டு வயது. வந்த மறுநாள் காலையில், காப்பி டம்ளரைக்கூட நான் கீழே வைக்கவில்லை, "தாத்தா, எனக்கு ஒரு இகுவானா வேணும். அப்பா வேண்டாங்கிறார். நீங்க சொன்னா கேப்பார்" என்றான்.

இகுவானா என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவன் மாதிரி, "அது என்னடே?" என்று கேட்டேன். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பச்சைப் பசேலென்று, முதுகில் ரம்பம் போல் முள் வரிசையும், தாடைக்குக் கீழே தொங்கும் தோலுமாக ஒரு பெரிய ஓணான். அவனுடைய வகுப்புப் பையன் ஒருவன் வீட்டில் இருக்கிறதாம். விற்கிறவர் "லைசென்ஸ் ஒண்ணும் வேண்டாம், கீரையைப் போட்டா போதும்" என்று சொன்னாராம்.

மகள் அன்றிரவே தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்க அவனுக்கு ஏத்துக் குடுக்காதீங்க. பாம்புப் படம், பல்லிப் படம், காகிதத்துல முதலை செய்யறது, இதே பொழப்பா இருக்கான். படிப்பு என்னாகறது?" என்று ஒரே ஆவலாதி. நம்மில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். ஒரு குழந்தைக்கு நாயும் பூனையும் போதாமல் ஆமையும் ஓணானும் பிடித்துப்போகிறது. எந்நேரமும் படம் வரைகிறது, களிமண்ணில் எதையாவது உருட்டுகிறது. இதைக் கிறுக்கு என்று தள்ளுவதா, கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுவதா? இரண்டுமே தவறு என்பதுதான் நான் சொல்ல வந்தது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அந்த வழி எங்கள் கிழக்கேகோட்டையிலிருந்தே புறப்படுகிறது என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

ஆட்டுக்கிடாவும் நூற்றிருபத்திரண்டு குதிரைகளும்

கிழக்கேகோட்டையை வெளியூர் அன்பர்கள் பஸ் ஏறும் இடமாகத்தான் அறிந்திருப்பார்கள். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கோட்டை வாசலுக்குள் நுழைந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடந்தால், பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி ஒரு பழைய கட்டடத்தின் உச்சியில் ஒரு கடிகாரம் இருக்கும். 'மேத்தன் மணி' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடிகாரத்துக்கு மேலே தாடி வைத்த ஒரு முகம். இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கிடாக்கள். மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும், கிடாக்கள் இரண்டும் ஓடிவந்து கன்னத்தில் முட்டும். இடையிடையே பழுதாகி நின்றிருக்கிறது, சீர்செய்து ஓட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் நானும் என் கூட்டாளிகளும் அந்தக் கிடா முட்டுவதைப் பார்ப்பதற்காகவே குளக்கரையில் காத்துக் கிடந்து, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அடி வாங்கியதுண்டு. மணி காட்ட முள் போதுமே! அங்கே கிடாவை வைத்து முட்டவிட வேண்டும் என்று நினைத்த மனத்துக்கு என்ன பெயர் கொடுப்பது?

அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் புத்தன்மாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. அவர் 1813-இல் பிறந்து, 1829 முதல் 1846 வரை ஆண்டவர். பாட்டில் அவரை அறியாத தமிழர் இல்லை. மாளிகையின் கூரைக்குக் கீழே, தாங்கு மரங்களில், வரிசையாக 122 குதிரைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் ஊர் அதைக் குதிரமாளிகை என்கிறது. பேரனைக் கூட்டிக்கொண்டு போனபோது அவன் அரியணையையும் பார்க்கவில்லை, ஆயுதங்களையும் பார்க்கவில்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து குதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தான். எண்பதுக்கு மேல் கணக்குத் தப்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மரத்தில் குதிரை செய்யச் சொன்ன அதே மன்னருக்கு உயிருள்ள விலங்குகளிலும் பிரியம் இருந்தது. குதிரைப் பண்ணை ஒன்றை வைத்திருந்தார். அதில் குதிரைகளோடு யானை முதலான வேறு விலங்குகளையும் சேர்த்து வளர்த்தார் என்று நம் மிருகக்காட்சிசாலையின் வரலாறு சொல்கிறது. நாம் 'கிறுக்கு' என்று சொல்லிச் சிரிக்கிற ஆசை ஒரு காலத்தில் அரண்மனை ஆசையாக இருந்திருக்கிறது. ஆனால் அது அரண்மனையோடு நின்றிருந்தால் இன்று நாம் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

அரண்மனையிலிருந்து ஊருக்கு

சுவாதித் திருநாளுக்குப் பின் அவருடைய தம்பி உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1846-இலிருந்து 1860 வரை ஆண்டார். அப்போது இங்கே ஆங்கில ரெசிடெண்டாக இருந்தவர் ஜெனரல் கல்லன். வான ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆலன் ப்ரௌன். அகத்தியமலை உச்சியில்கூட ஓர் ஆய்வுக்கூடம் அமைத்த மனிதர். இவர்கள் சேர்ந்து 1855-இல் அருங்காட்சியகத்துக்கு ஒரு குழு அமைத்தார்கள். 1857-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கல்லையும் சங்கையும் பாடம் செய்த பறவையையும் மட்டும் பார்க்க ஜனங்கள் அவ்வளவாக வரவில்லை. எனவே கூட்டத்தை இழுக்க ஒரு பூங்காவும், உயிருள்ள விலங்குகளும் சேர்ந்தன. நாட்டின் மிகப் பழைய மிருகக்காட்சிசாலைகளில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. மலையாளிகள் அதைக் 'காழ்ச்ச பங்களாவு' என்பார்கள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, சென்னை அரசின் கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்த திட்டப்படி இன்றுள்ள அழகிய மாளிகை 1880-இல் முடிந்தது. சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிழக்கேகோட்டையிலிருந்து அந்த இடத்துக்கு ஏறத்தாழ நாலு கிலோமீட்டர். எம்.ஜி. ரோடில் நேராகப் போய், பாளையம் தாண்டினால் வந்துவிடும். அந்த நாலு கிலோமீட்டரைக் கடந்ததில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவருடைய விருப்பம் மதிலுக்கு வெளியே வந்து எல்லோருடைய பார்வைக்குமாயிற்று. சாலையில் மூட்டை சுமந்தவரின் பிள்ளையும் புலியைப் பார்க்க முடிந்தது. கனடா எழுத்தாளர் யான் மார்ட்டெல், புதுச்சேரித் தமிழ்ப் பையன் ஒருவன் கடலில் புலியோடு தத்தளிக்கும் 'லைஃப் ஆஃப் பை' நாவலை 2001-இல் வெளியிட்டார் அல்லவா? அதற்காகத் தென்னிந்திய மிருகக்காட்சிசாலைகளையெல்லாம் சுற்றியவர், எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலை இயக்குநரையும் சந்தித்துப் பேசியிருக்கிறார்.

அதற்காகக் கூண்டை நான் புகழ்ந்து பாடவில்லை. 2023 ஜூனில் திருப்பதியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அனுமன் குரங்கு இங்கே கூண்டைவிட்டுத் தாவி ஓடிவிட்டது. சில வாரங்கள் நகரத்து மரங்களில் தளிரைத் தின்றுகொண்டு, ஊரையே அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டு, ஜூலையில்தான் பிடிபட்டது. மருத்துவரும் காவலரும் 55 ஏக்கர் இடமும் உள்ள நிறுவனத்துக்கே இந்தப் பாடு என்றால், மூன்றாம் மாடி அடுக்ககத்துப் பால்கனியில் நாம் என்ன செய்துவிட முடியும்? இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. நானே ஒரு பாவம் செய்தவன்.

நான் வளர்த்த கட்டாமை

எனக்கு அப்போது பேரன் வயதுதான் இருக்கும். அப்பாவுக்குச் சாலைத் தெருவில் பலசரக்குக் கடையில் கணக்கு வேலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாமா வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது கொண்டுவருவார். ஒரு தடவை சாக்குப் பையிலிருந்து ஓர் ஆமையை எடுத்துத் தரையில் வைத்தார். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக. எங்கள் பக்கம் கட்டாமை என்பார்கள். நட்சத்திர ஆமை என்பது புத்தகப் பெயர். ஆச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுலே, கொண்டு விட்டுட்டு வா" என்று கத்தினாள். நான் அழுது புரண்டு சாதித்துக்கொண்டேன்.

கிணற்றடியில் சிமெண்ட் தரையில் செங்கல் அடுக்கி வீடு கட்டினேன். அதற்குச் சோறு போட்டேன், பால் ஊற்றினேன், பிஸ்கட் கொடுத்தேன். அது தின்றது. தின்றதால் நலமாக இருக்கிறது என்று நினைத்தேன். ஓட்டின் நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து சிலேட்டில் வரைந்தேன். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தது. கிணற்றடி நனைந்தே கிடந்தது. ஆமை கழுத்தை வெளியே நீட்டுவதை நிறுத்திவிட்டது. மூக்கில் நுரை. ஒரு நாள் காலையில் தூக்கிப் பார்த்தபோது கனம் மட்டும் இருந்தது, அசைவு இல்லை. ஆமை புகுந்த எங்கள் வீடு உருப்பட்டுவிட்டது. எங்கள் வீடு புகுந்த ஆமைதான் உருப்படவில்லை.

பிற்காலத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நட்சத்திர ஆமை தெற்கே நம் தமிழ்நாடு, ஆந்திரம், இலங்கை, வடமேற்கே குஜராத், ராஜஸ்தான் என்று வறண்ட முள்காட்டிலும் புல்வெளியிலும் வாழ்வது. தின்பது புல்லும் இலையும் உதிர்ந்த பழமும். இரவும் பகலும் காயாத சிமெண்ட் தரையும் சோறும் பாலும் அதற்கு நஞ்சுக்குச் சமம். ஊர்வனவற்றுக்கு நோய் வந்தால் நாய் மாதிரி ஊளையிடாது, வாலைச் சுருட்டிக்கொள்ளாது. முகத்தில் தெரியாது. நமக்குத் தெரிகிற அளவுக்கு அது சோர்ந்துவிட்டது என்றால், பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். நான் அதை நேசித்தேன் என்பது பொய்யல்ல. நேசித்த எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதும் பொய்யல்ல.

இன்று அந்த ஆமையை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019-இல் பன்னாட்டு வணிகத்திலும் அதற்கு உச்சநிலைப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். நம் பச்சைக்கிளிகளும் அப்படித்தான். உள்நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது 1990-91-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. கூண்டுக்கிளியை மங்கலமாக நினைக்கிற நம் வீடுகள் பலவற்றுக்கும் இது இன்னும் எட்டவில்லை.

சரி, இகுவானா நம் நாட்டு விலங்கு இல்லையே?

பேரனும் இதையேதான் கேட்டான். விற்கிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். முன்பு அயல்நாட்டு விலங்குகளுக்குச் சட்டத்தில் தெளிவில்லாமல் இருந்தது உண்மை. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் அதை அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்துவிட்டன. குட்டி போட்டாலும், செத்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். பச்சை இகுவானா அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே "லைசென்ஸ் ஒண்ணும் வேண்டாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த உயிரின் கணக்கைப் பாருங்கள். மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரை மழைக்காட்டு மரங்களில் வாழ்கிற பிராணி. கடையில் பார்க்கும்போது ஒரு சாண் நீளம். வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்தடியைத் தாண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது ஆண்டு இருக்கும். பேரன் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகு அதற்குக் கீரை நறுக்குவது யார்? கீரை மட்டும் போதாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் உடம்பில் பட்டால்தான் அது வைட்டமின் டி-யை உண்டாக்கிக்கொள்ளும். அந்த வைட்டமின் இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். கண்ணாடிப் பெட்டிக்குள், சன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில் அந்தக் கதிர் பெரும்பாலும் இருக்காது. எலும்பு மெல்ல மெல்ல மெத்தென்று ஆகி, தாடை வீங்கி, கால் வளைந்துவிடும். என் ஆமை மாதிரி இதுவும் வாய்விட்டுச் சொல்லாது.

வளர்க்க முடியாமல் போனால் பலரும் செய்வது, "பாவம், எங்காவது பிழைத்துப் போகட்டும்" என்று குளத்திலோ காட்டிலோ விட்டுவிடுவது. அது இரண்டாவது பாவம். 1847-இல் பென்சன் என்ற சங்கு-நத்தை ஆர்வலர், மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அவர் கெட்ட மனிதர் அல்ல. நத்தைமேல் பிரியம் வைத்த நல்ல ஆராய்ச்சியாளர். அந்த நத்தை இன்று நாட்டின் பல மூலைகளுக்கும் பரவி, மழைக்காலத்தில் கேரளத்து வீட்டு மதில்களில் கையளவு பெரிதாக ஊர்ந்து, வாழையையும் பப்பாளியையும் மொட்டையடிக்கிறது. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசான் ஆற்று அரபைமா மீன் வலையில் விழுந்தது நினைவிருக்கலாம். யாரோ ஆசையாக வளர்த்த மீன்தான், வெள்ளத்தில் வெளியே வந்தது. ஆசையைக் கூண்டில் வைத்தாலும் கேடு, திறந்துவிட்டாலும் கேடு என்றால் ஆசைப்படவே கூடாதா?

நோட்டுப் புத்தகக்காரர்கள்

இந்த இடத்தில்தான் நம் பேகன் உதவிக்கு வருகிறான். பொதினி மலைத் தலைவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அறிந்த கதை. 'மயிலுக்கு எதற்குப் போர்வை, கொடை மடம்' என்று பண்டிதர்கள் விளக்குவார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். பேகன் மயிலைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தன்னிடமிருந்ததைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். பிரியத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. இன்று நாம் கொடுக்கக்கூடிய போர்வை நம்முடைய நேரமும் கவனமும்தான்.

அப்படிக் கவனத்தைக் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. ஹெரால்டு ஃபெர்குசன் திருவிதாங்கூருக்கு வேறு வேலையாக வந்தவர். பின்னால் நம் அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார். பாம்பு, தவளை, பறவை என்று சேகரித்துக் குறிப்பெழுதினார். ஒரு தேரைக்கு 1892-இல் அவர் பெயரையே வைத்தார்கள். வனத்துறை அதிகாரி போர்டில்லனோடு சேர்ந்து திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பட்டியலிட்டார். 1933-இல் சலீம் அலி மறையூரில் தொடங்கித் திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகளை ஆராய்ந்தபோது, எங்கள் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த என்.ஜி. பிள்ளை உடன் சென்று உதவினார். அந்த வேலைதான் பிற்பாடு கேரளப் பறவைகள் பற்றிய நூலாக விரிந்தது.

இவர்களெல்லாம் அதிகாரிகள், அறிஞர்கள், நமக்கென்ன என்று தோன்றலாம். கே.கே. நீலகண்டன் ஆங்கில ஆசிரியர். பாலக்காட்டுக் காவசேரிக்காரர். 'இந்துசூடன்' என்ற பெயரில் அவர் எழுதி 1958-இல் வந்த 'கேரளத்திலெ பக்ஷிகள்' என்ற மலையாள நூல், ஒரு தலைமுறையையே பறவை பார்க்க வைத்தது. வகுப்பு முடிந்த பின் கிடைத்த நேரத்தில் செய்த வேலை அது.

நம் தமிழர் ஒருவரைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நிறைவடையாது. மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி என்று பல வேலைகள் பார்த்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதிவந்தார். யானையைப் பற்றியும் எழுதுவார், வீட்டுக்கூரை அணிலைப் பற்றியும் எழுதுவார். தாமே படம் வரைவார், கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுப்பார். நம் நாட்டு நாய் இனங்களுக்காகப் பரிந்து பேசினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தமிழிலும் எழுதினார், அவற்றை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். விலங்குப் பிரியம், இயற்கை, வரைகலை மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே காரியமாக எப்படிச் சேரும் என்பதற்கு அவரைவிட உதாரணம் வேண்டாம். என் மகளிடம் நான் சொன்னதும் இதுதான்: "உன் பையன் மூணு காரியத்துல பொழுதைப் போக்கறான்னு நெனைக்காதே. அவன் செய்யறது ஒரே காரியம்."

சாலைத் தெரு எழுத்தாளர் ஆ. மாதவனையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1934-இல் பிறந்து 2021-இல் மறைந்தவர். கடை நடத்திக்கொண்டே கதை எழுதியவர், 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 'பாச்சி' என்று ஒரு சிறுகதை. பாச்சி ஒரு நாய். அவருடைய நாவல் ஒன்றின் பெயர் 'கிருஷ்ணப் பருந்து'. சாலைக்கு மேலே இன்றும் வட்டமிடுகிற பறவை அது. ஆயிரம் பேர் நடந்துபோகிற தெருவில் அவர் நின்று பார்த்தார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் என்றால், அதற்கு முன்னால் அத்தனை பூவையும் ஒருவர் நின்று பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

மதில்மேல் ஓர் ஓணான்

இவ்வளவையும் பன்னிரண்டு வயதுப் பையனிடம் உபதேசம் பண்ணினால் எழுந்து ஓடிவிடுவான். எனவே கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதில்மேல் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "இதுவா? இது சாதா ஓணான்" என்றான். "சாதாதான். அது கழுத்து என்ன நிறம், சொல்லு" என்றேன். மண் நிறம் என்றான். பத்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னேன். இன்னோர் ஆண் ஓணான் தென்னை மட்டையில் ஏறியதும், மதில்மேல் இருந்தது முன்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தியது, தண்டால் எடுக்கிற மாதிரி. தலையும் தொண்டையும் சிவந்துகொண்டே வந்தன. பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.

நம் ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாகக் கல்லால் அடித்தும், ஈர்க்குச் சுருக்குப் போட்டும் கொன்ற பிராணி இது. ஆளைப் பார்த்தபடி இரத்தத்தை உறிஞ்சுகிறது, அதனால்தான் கழுத்து சிவக்கிறது என்று நம்பினோம். உண்மையில் இனப்பெருக்கக் காலத்தில் ஆண், 'இது என் இடம்' என்று மற்ற ஆணுக்கும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பெண்ணுக்கும் காட்டுகிற கொடி அந்தச் சிவப்பு. பெண் மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. 1802-இல் தௌதின் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயருக்கே நிறம் மாறுவது என்றுதான் பொருள். இகுவானாவின் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு. ஆனால் முதுகு முள்ளும் வாலும் தொண்டையும் பார்த்தால் தூரத்து ஒன்றுவிட்ட உறவு மாதிரி இருக்கும். விலை கிடையாது, பதிவு கிடையாது, கீரை வேண்டாம். பூச்சியை அதுவே பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். நாலே நாலு விஷயம் எழுதச் சொன்னேன்: தேதி, நேரம், எங்கே, என்ன செய்தது. பக்கத்தில் ஒரு படம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கண்டதைத்தான் வரைய வேண்டும், காணாததை வரையக் கூடாது. பதினெட்டு நாள் எழுதினான். ஒன்பதாம் நாள் குறிப்பில், "மழை. வரவில்லை. ஏன்?" என்று இருந்தது. எனக்கு அந்த 'ஏன்' போதும். நான் ஆமைக்குச் சோறு போட்ட காலத்தில் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

வெளிமாநிலத்திலும் வெளிநாட்டிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை எங்கேயும் செய்யலாம். பால்கனிக்கு வரும் ஒரே ஒரு பறவை போதும். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்க நடந்து பறவை வரைபடம் ஒன்றைத் தயாரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது பிழைப்பு அல்ல, பிரியம். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 2015 முதல் நடக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை நினைக்கிற நாம், அன்றைக்குக் காலையில் ஒரு பதினைந்து நிமிஷம் பறவையையும் எண்ணலாமே. நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் கோலப்போட்டிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் தாங்களே பார்த்து வரைந்த உயிரினப் படங்களுக்கு ஒரு சுவரை ஒதுக்கினால் என்ன என்று செயற்குழு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உயிருள்ள விலங்குதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு நாய், பூனை, கோழி என்று மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு பழகிய உயிர்கள் இருக்கின்றன. அதிலும் நம் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் ஓடுவதற்கு இடம் இருந்தால் மட்டும்.

ஊருக்குத் திரும்பும் முன்பு ஒரு விடியற்காலையில், கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறி வெள்ளாயணிப் பக்கம் புஞ்சக்கரி வயலுக்குப் போனோம். தாமரைக்கோழி இலைமேல் நடந்தது, செந்நாரை கழுத்தை நீட்டி நின்றது. தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றைப் பையன் அரைமணி நேரம் வரைந்தான். பஸ்ஸில் வரும்போது, "தாத்தா, இகுவானா வேணும்னு இன்னும் கொஞ்சம் ஆசையாத்தான் இருக்கு" என்றான். பொய் சொல்லாமல் சொன்னானே என்று சந்தோஷம். "எனக்கும் அந்த ஆமைமேல இன்னும் ஆசைதான்டே" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து, "அது ஓட்டுல எப்படிக் கோடு இருந்துச்சு, சொல்லுங்க" என்று பென்சிலைச் சீவினான். எனக்கு ஞாபகம் இருந்த மட்டும் சொன்னேன்.